பானெட்டைத் திறக்கும் முன்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்தப் பார்ட்டை மாற்றலாம்?" என்றுதான் முடிகின்றன. மாற்றுவது கடைசி வேலை. அதற்கு முன் அளக்க வேண்டியதும் கழற்றிப் பார்க்க வேண்டியதும் நிறைய இருக்கின்றன. அதிகம் பேர் கேட்டிருப்பது பேட்டரி பற்றி. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: காரை மூன்று நாள் எடுக்காமல் விட்டால் நான்காம் நாள் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போன மாதம்தான் மாற்றியது. ஆல்டர்னேட்டர் போய்விட்டதா?

பதில்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் பழி போடுமுன் இரண்டு அளவு எடுங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, இரவு முழுக்க நின்ற காரின் பேட்டரி முனைகளில் பிடியுங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 அரை, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதே இடத்தில் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. சார்ஜிங்கை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும் புதிய கார்களில் இந்த எண் கொஞ்சம் அலையும். அது கோளாறு அல்ல.

ஓடும்போது ஏறுகிறது, நின்றால் இறங்குகிறது என்றால், சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு என்று பார்க்க, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பானெட் திறந்தே இருக்கட்டும். கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால் அதன் லாட்ச்சைத் திருப்புளியால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள்விளக்கு அணைந்தால் கதவு மூடிவிட்டதாகக் கார் நினைத்துக்கொள்ளும். ரிமோட் சாவி எட்டத்தில் இருக்கட்டும். இப்போது நெகட்டிவ் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். மீட்டரின் ஒரு முனையை கிளாம்ப்பிலும் மற்றதை பேட்டரியின் ஈயக் குமிழிலும் பிடித்தபடி, தொடர்பு அறாமல் கிளாம்ப்பைத் தூக்குங்கள். இடையில் தொடர்பு அறுந்தால் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டிவரும்.

முதலில் ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டும், திகைக்க வேண்டாம். 20 முதல் 40 நிமிடத்துக்குள் எல்லாம் தூங்கப் போய், எண் படிப்படியாக இறங்கும். கடைசியில் 0.05 ஆம்பியருக்குக் கீழே நின்றால் சரி. உங்கள் காரில் அப்படி நிற்காது என்று கணக்கே சொல்கிறது. 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 0.05 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர்தான் போகும். மூன்று நாளில் எதுவும் ஆகாது. டிக்கியில் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் இழுக்கும். நாளைக்கு 10 ஆம்பியர்-அவர், மூன்று நாளில் பாதி பேட்டரி. முதலில் அந்தப் பல்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். செல்போனை வீடியோவில் வைத்து டிக்கிக்குள் போட்டு மூடிவிட்டு, எடுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பெட்டிக்குள்ளும் அதே சோதனை. அடுத்த ஆசாமி, பின்னால் பொருத்திய ஆம்ப்ளிஃபயர்: அதை எழுப்பும் ரிமோட் வயரை சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஏ.சி.சி. இணைப்பில் கொடுக்காமல் நேரடி பேட்டரி லைனில் முறுக்கியிருப்பார்கள். மூன்றாவது, காரின் கோளாறைப் படிக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகியபடி மறந்துபோன ஸ்கேனர்.

இவை எதுவுமில்லை என்றால் ஃபியூஸ் பெட்டிக்கு வரவேண்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள்; பிடுங்கிச் செருகும்போதே தூங்கியது விழித்துவிடும். கிளாம்ப்பை மறுபடி மாட்டி, சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றி, எல்லாம் தூங்கும்வரை காத்திருங்கள். பிறகு மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். சுழி காட்டினால் அந்த லைனில் கரண்ட் ஓடவில்லை. ஏதாவது எண் காட்டுகிற ஃபியூஸ் எந்த லைனுடையது என்று மூடியில் உள்ள படத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. மீட்டர் ஆம்பியர் நிலையில் இணைந்திருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது; மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். வேலை முடிந்ததும் சிவப்பு வயரைப் பழைய வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அடுத்த முறை அப்படியே பேட்டரி முனைகளில் வைத்தால் நேரடி ஷார்ட்.

கசிவைக் கண்டுபிடித்த பின் பேட்டரியை சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள். அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியை அரை மணி நேர ஓட்டம் நிரப்பாது. அரைகுறை சார்ஜில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து புதிய பேட்டரியும் சீக்கிரம் கிழவனாகிவிடும்.

கேள்வி: இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் நானே மாற்றினேன். சற்று தூரம் ஓட்டியதும் ஃபில்டர் பக்கம் ஆயில் கொட்டுகிறது. ஃபில்டரை இன்னும் இறுக்கலாமா?

பதில்: இறுக்க வேண்டாம். இன்ஜினை உடனே நிறுத்துங்கள். இது பெரும்பாலும் இரட்டை ரப்பர் கோளாறு. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். அதன் மேலேயே புதிய ஃபில்டரைத் திருகியிருப்பீர்கள். ரப்பர் மேல் ரப்பர் உட்கார்ந்தால் ஐடிலிங்கில் தாங்கும்; ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஆயில் பிரஷர் ஏறியதும் வளையம் பிதுங்கி வெளியே வரும். சில நிமிடத்தில் மொத்த ஆயிலும் தரையில் இருக்கும்.

ஃபில்டரைக் கழற்றி, இன்ஜினில் அது உட்காரும் வட்டத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று உலோகம் மட்டும் தட்டுப்பட வேண்டும். புதிய வளையத்தில் புது ஆயில் ஒரு துளி தடவுங்கள். கையால் திருகி, ரப்பர் உலோகத்தைத் தொட்ட இடத்திலிருந்து இன்னும் முக்கால் சுற்று. பெரும்பாலான ஸ்பின்-ஆன் ஃபில்டர்களுக்கு அவ்வளவுதான். பானா போட்டு இறுக்கினால் அடுத்த முறை ஃபில்டரைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியே ட்ரெயின் போல்ட்டையும் பார்த்துவிடுங்கள். அதன் அடியில் இருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒரே ஒரு முறை நசுங்கி இடைவெளியை அடைப்பதற்காக உள்ளது. பழையதையே போட்டுவிட்டு, சொட்டுகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவார்கள். கடைசியில் ஆயில் பேனின் மரை போய்விடும். போல்ட்டின் இறுக்கம் பல சிறிய கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள்தான். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணை டார்க் ரெஞ்சில் வையுங்கள். ஆயில் பேன் அலுமினியமாக இருந்தால் இந்த எண்ணை மதித்தே ஆகவேண்டும்.

ஆயில் ஊற்றும்போது கையேட்டில் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்து குச்சியைப் பாருங்கள். பல கார்களில் குறைந்த கோட்டுக்கும் அதிகக் கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர் இடைவெளி. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதை "கூட இருந்தால் நல்லதுதானே" என்று நினைக்காதீர்கள். கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கும். பேரிங்குகளுக்கு ஆயிலுக்குப் பதில் காற்றுக் குமிழி போகும்.

கேள்வி: ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கீழே படுத்து வேலை செய்யலாமா? கார் ஆடாமல்தான் நிற்கிறது.

பதில்: கூடாது. காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும். கீழே தலையோ உடம்போ போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்து, காரின் எடையை அதன் மேல் இறக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்த பிறகுதான். கழற்றிய சக்கரத்தை வாசலில் சாய்த்து வைக்காமல் காரின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் சரிந்தாலும் கார் அதன் மேல் வந்து நிற்கும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம். அவை விரிசல் காட்டி எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் பொடியாகும்.

கேள்வி: ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது. 60/55 வாட் எச்4 பல்பை எடுத்துவிட்டு 100/90 போடச் சொல்கிறார்கள். அல்லது எல்.இ.டி. போடலாமா?

பதில்: இரண்டுக்கும் முன்னால், உங்கள் பல்புக்கு எவ்வளவு வோல்ட் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். இன்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரியில் ஒரு அளவு. பல்பு ஹோல்டரின் பின்புறம் ஒரு அளவு. பேட்டரியில் 14.2 இருந்து ஹோல்டரில் 12.8 தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் மாறுவது. வோல்ட் பத்து சதவீதம் இறங்கினால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். பழைய கார்களில் மொத்த ஹெட்லைட் கரண்டும் ஸ்டியரிங் அருகில் உள்ள சுவிட்ச் வரை போய் மெல்லிய வயரில் திரும்பி வருகிறது. வோல்ட் தொலைவது அந்த வழியில்தான்.

இதே வயரில் 100 வாட் போட்டால் என்ன ஆகும்? 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 10. 100 வாட் என்றால் ஒன்றுக்கு 8.3, இரண்டுக்கும் 16.7 ஆம்பியர். வோல்ட் இழப்பு இன்னும் கூடும், ஹோல்டர் பழுப்பேறி உருகும், சுவிட்சின் காண்டாக்ட் கருகும், சூட்டில் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு மங்கும். சில மாதம் கழித்து, முன்பிருந்ததைவிடக் குறைந்த வெளிச்சத்தில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பல நாடுகளில் சட்டமும் அனுமதிப்பதில்லை.

செய்ய வேண்டியது, அதே 60/55 பல்பை வைத்துக்கொண்டு ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) போடுவது. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும்: 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடி வயர், 87-லிருந்து பல்புக்கு, 85-க்கு எர்த், 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர். பழைய வயர் இனி ரிலேயை இழுக்க மட்டும்தான். ஒரு ஆம்பியரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு அதற்குப் போதும். புதிய வயர் 2.5 சதுர மி.மீ. தடிமன் இருக்கட்டும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வரவேண்டும். பல்புக்கு அருகில் வைத்தால் இடையில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. எர்த் வயரையும் புதிதாக, பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் கொடுங்கள். சில கார்களில் சுவிட்ச் பாசிட்டிவுக்குப் பதில் எர்த் பக்கத்தை இணைக்கும். அதை மீட்டரால் உறுதி செய்துகொண்ட பிறகே வயரில் கை வைக்க வேண்டும். விளக்கை பாடி கம்ப்யூட்டரே இயக்கும் புதிய கார்களில் சாதாரண ரிலே படபடவென்று துடிக்கும், பல்பு போய்விட்டதாக டேஷ்போர்டில் எச்சரிக்கையும் வரும். அவற்றில் இந்த வேலை வேண்டாம்.

எல்.இ.டி. விஷயம் வேறு. ஹாலஜனுக்கான ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியை வைத்து வடிவமைத்தது. எல்.இ.டி. பல்பின் ஒளி பக்கவாட்டுத் தகடுகளிலிருந்து வருகிறது. இழை இருந்த இடத்தில் அச்சாக உட்காராவிட்டால் சுவரில் பளீரென்று தெரியும், சாலையில் தூரத்துக்குப் போகாது, எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

கண்ணாடி மஞ்சளித்திருந்தால் ரிலேயும் உதவாது. 800, 1500, 2000 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புறஊதாக் கதிர் தடுக்கும் கோட்டிங் கொடுக்க வேண்டும். தேய்ப்பில் பழைய கோட்டிங்கும் போய்விடுகிறது. புதியது பூசாமல் விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள்.

புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். தோலின் எண்ணெய் படிந்த இடம் மட்டும் அதிகம் சூடேறி, பல்பு அற்பாயுளில் போகும்.

கேள்வி: முன் சக்கர பிரேக் பேட் மாற்றக் கழற்றினேன். ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேட் 2 மி.மீ., வெளிப்பக்கம் 6 மி.மீ. இருக்கிறது. புதிது போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: காரணத்தை விட்டுவிட்டுப் புதிய பேட் போட்டால் அதுவும் இப்படித்தான் தேயும். ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் (பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வி) பிஸ்டன் உள்பக்கப் பேடைத்தான் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடை இழுக்க வேண்டும். பின்கள் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது, முழு வேலையும் உள்பேட் தலையில்.

காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. இரண்டு பின்களையும் உருவிப் பாருங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். துருப்பிடித்தோ கறுத்த பிசின் போலவோ இருந்தால் பிரேக் கிளீனரால் துடைத்து, சிலிகான் அடிப்படையிலான பிரேக் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்து, பின்னை மறுபடி இறுக்கிவிடும். சில கார்களில் இரண்டு பின்களும் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். எது மேல், எது கீழ் என்று கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்கள் நன்றாக இருந்தால் அடுத்து பேட் உட்காரும் தாங்கி. அங்கே இருக்கும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கிளிப்பை எடுத்துப் பாருங்கள். அடியில் துரு பொருமி கிளிப்பைத் தூக்கியிருக்கும். இடம் அரை மி.மீ. குறைந்தாலே பேட் சிக்கிக்கொள்ளும். கம்பி பிரஷால் வெற்று உலோகம் வரை தேய்த்து, புதிய கிளிப் போடுங்கள். பேடைக் கையால் வைத்தால் வழுக்கி இறங்க வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் இறங்குகிறது என்றால் அது சரியில்லை.

பிஸ்டனை உள்ளே தள்ள, பழைய பேட் ஒன்றைக் குறுக்கே வைத்து சி-கிளாம்ப்பால் மெதுவாக இறுக்குங்கள். ஃப்ளூயிட் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துக் கண் வைத்திருங்கள். மட்டம் ஏறி வழிந்தால் பெயின்ட்டை உரித்துவிடும். பிஸ்டன் முரண்டு பிடித்தால், அதைச் சுற்றிய தூசு ரப்பர் கிழிந்து உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது காலிப்பரையே சீர்செய்ய வேண்டும். பின் சக்கரத்தில் வேலை என்றால் கவனம். ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே தள்ள முடியும். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள கார்களில் சர்வீஸ் நிலைக்குப் போகாமல் அழுத்தினால் மோட்டாரின் பல்சக்கரம் உடையும்.

டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். அதை அளந்து பார்க்காமல் புதிய பேட் போடாதீர்கள். பேட் 3 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றுவது நல்லது. நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டீர்கள். இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் காரை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் சில மிதிக்கு அது தரையைத் தொடும். பிஸ்டன் வெளியே வந்து பேடைத் தொட்ட பிறகுதான் கெட்டியாகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்துச் சுவரில் போய் நின்ற கார்கள் நிறைய. பிறகு காலியான சாலையில் 50-லிருந்து 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மிதமாக எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து, நடுநடுவே ஆறவிடுங்கள். முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்தியபடி நிற்க வேண்டாம்.

ஃப்ளூயிட் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் சேர்த்து முடித்துவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகையின் குறைந்தபட்ச கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. மலைப்பாதை இறக்கத்தில் திடீரென்று பெடல் பஞ்சு மாதிரி ஆவதற்கு இந்த வித்தியாசம் போதும். டாட் 5 என்பது சிலிகான். பெயர் அடுத்த எண் போல இருக்கிறதே என்று டாட் 4-உடன் கலக்கக் கூடாது.

கேள்வி: கூலன்ட் வாரா வாரம் கொஞ்சம் குறைகிறது. தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கிறேன். தொடரலாமா?

பதில்: கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுவது, வாரா வாரம் குறைய அதற்குக் காரணமே இல்லை. எங்கோ கசிகிறது. இன்ஜின் முழுக்க ஆறியபின் வாட்டர் பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையைச் சுற்றி வெள்ளையாகவோ கலர் கலராகவோ காய்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது. உள்ளே கால் வைக்கும் இடத்தில் தரை விரிப்பு ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை, சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்கவே இல்லை என்றால் ஹெட் காஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் உள்ள சீல்) போய்விட்டது. அதை வீட்டில் செய்யப் பார்க்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டர் குழாய்களில் படியும். அவசரத்துக்குக்கூட டிஸ்டில்ட் வாட்டர்தான். பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கலவை சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் சேரும்போது அது 120-ஐயும் தாண்டும். நீங்கள் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்தப் பாதுகாப்பும் துருத் தடுப்பும் நீர்த்துப்போகின்றன. நிறத்தை நம்பி வேறு கூலன்ட் வாங்கிக் கலக்காதீர்கள். சிவப்பு, பச்சை என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம். கையேட்டில் உள்ள தர எண் பொருந்த வேண்டும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். அது விஷம்.

கேள்வி: 175/65 ஆர்14 டயரிலிருந்து 15 அங்குலத்துக்குப் போக ஆசை. எந்த அளவு?

பதில்: கணக்கு எளிது. ரிம்மை மி.மீ.க்கு மாற்றி, பக்கச் சுவரை இரண்டு மடங்காகக் கூட்ட வேண்டும். உங்களுடையது 355.6 + (175 × 0.65 × 2) = 583 மி.மீ. விட்டம். 185/55 ஆர்15 என்றால் 381 + 203.5 = 584.5. வித்தியாசம் கால் சதவீதம்கூட இல்லை, எடுத்துக்கொள்ளலாம். 185/60 ஆர்15 என்றால் 603. மூன்றரை சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டிய அதே எண்ணில் கார் இனி மூன்றரை சதவீதம் வேகமாக ஓடும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் மட்கார்டு உள்ளே உரசவும் செய்யலாம். மூன்று சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

விட்டம் பொருந்தினாலும் ரிம்மின் நட்டு வட்டம், ஆஃப்செட், நடுத்துளை மூன்றும் பொருந்த வேண்டும். நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டு ஹப்பில் மையப்படுத்துங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். டயரின் எடை எண் பழையதைவிடக் குறையக் கூடாது. 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ. பக்கச் சுவர் குறைவதால் குழியில் விழும் அடி ரிம்முக்கு நேரடியாகப் போகும். பார்க்க அழகுதான், பயணம் கொஞ்சம் கடினமாகும்.

கேள்வி: ஏ.சி. குளிர்கிறது, காற்றுதான் வருவதில்லை. கேஸ் ஏற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். டேஷ்போர்டு பெட்டியின் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். பக்கக் கொக்கிகளை உள்நோக்கி அமுக்கினால் பெட்டி கீழே தொங்கும், பின்னால் நீளமான மூடி. ஃபில்டரில் சருகும் தூசும் அடைத்திருக்கும். புதியதை அதன் மேல் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்கும்படி செருகுங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0171 வந்தது. ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியும் மறுபடி வருகிறது.

பதில்: எய்தவன் இருக்க அம்பை நோகலாமா? கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஆக்ஸிஜன் சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்தக் கோளாறு எண்ணை அழிக்குமுன் ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் எண்களைப் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஐடிலிங்கில் 20-க்கு மேல் கூட்டலில் இருந்து, 2500 ஆர்.பி.எம்.மில் சுழிக்கு அருகே இறங்கினால், த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கோ அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. வெடித்த வேக்குவம் ஹோஸ், இன்டேக் காஸ்கெட், சரியாக மூடாத ஆயில் குச்சி, இப்படி ஏதாவது. சிறிய ஓட்டை வழியாகப் போகும் காற்று ஐடிலிங்கில் பெரிய பங்கு, வேகத்தில் சிறிய பங்கு. அதனால்தான் எண் இறங்குகிறது.

மாறாக, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் அல்லது காற்று அளக்கும் மாஃப் சென்சார் பக்கம் போங்கள். மாஃப் சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். பிரேக் கிளீனர், துணி, காது குடையும் பஞ்சு எதுவும் ஆகாது. உள்ளே இருக்கும் கம்பி தலைமுடி போல மெல்லியது. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

கேள்வி: ஸ்பார்க் பிளக் மாற்றும்போது மரை போய்விடுமோ என்று பயம்.

பதில்: நியாயமான பயம், ஹெட் அலுமினியம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூட்டில் கழற்றினால் மரையும் சேர்ந்து வரும். பிளக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயிலை எடுத்ததும் குழிக்குள் காற்று ஊதித் தூசை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் பிளக்கை எடுத்த மறுநொடி அந்த மணல் சிலிண்டருக்குள். புதிய பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகி, அதைப் பிடித்து முதல் சுற்றுகளைத் திருகுங்கள். கோணலாக மரை ஏறினால் ஹோஸ் வழுக்கிச் சுற்றும், மரை பிழைக்கும். ஸ்பேனரால் ஆரம்பித்தால் கைக்கு அது தெரியாது.

வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக் என்றால், கை இறுக்கத்துக்குப் பின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று. அதே பிளக்கைத் திரும்பப் போடும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு சுற்று போதும். வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காரும் வகைக்குப் பதினாறில் ஒரு சுற்று. மரையில் கிரீஸ் பூசாதீர்கள். வழுக்கலில் அளவுக்கு மேல் இறுகிவிடும். இரிடியம் பிளக்கின் இடைவெளியைக் கம்பி கேஜால் பாருங்கள், நெம்பித் திருத்த வேண்டாம். நடுமுனை ஊசி மாதிரி மெல்லியது, பக்கவாட்டில் தொட்டாலே உடையும். ஒரு சிலிண்டர் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றிப் பரப்பினால் எந்தக் காயில் எதில் இருந்தது என்ற குழப்பம் வரும். கழற்றிய பிளக்குகளையும் அதே வரிசையில் அடுக்கி வையுங்கள். மூன்று இளம் பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்தோ கரியாகவோ இருந்தால், அடுத்து எந்த சிலிண்டரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.